சூதாட்டமும் நாட்டுச் சட்டமும்

அந்நாளில் தோட்டத்தில் சம்பள நாள் எப்படி இருந்தது என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். ஆபீசுக்கு முன்னால் வரிசை நிற்கும். கிராணி பெயரைக் கூப்பிடுவார். கையில் பணம் விழும். அதற்குள் கடைக்காரர் கணக்குப் புத்தகத்தோடு வந்து நிற்பார். அவருக்குக் கொடுத்தது போக மீதியுள்ளதுதான் அடுத்த சம்பளம் வரை அரிசிக்கும், பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும். அன்று மாலையே லயத்துக்குப் பின்னால் ஒரு சாக்கு விரிக்கப்படும். நாலு பேர் உட்கார்ந்து சீட்டைக் கலைப்பார்கள். இரவு பத்து மணிக்கு எழுந்திருக்கும்போது ஒருவர் சட்டைப்பை கனத்திருக்கும். மூவர் வீட்டில் மறுநாள் அடுப்பு எரியுமா என்பது சந்தேகம்.

இன்று சம்பளம் வங்கிக்குப் போகிறது. நம்மில் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிவிட்டோம். சாக்கு மறைந்துவிட்டது. ஆனால் பட்டணத்தில் நம்பர் கடை இருக்கிறது. கைத்தொலைபேசியிலேயே பந்தயம் கட்டும் வழியும் வந்துவிட்டது. "கடையில் நம்பர் எடுத்தால் குற்றமில்லை, லயத்தில் சீட்டாடினால் போலீஸ் பிடிக்கிறது. இது என்ன நியாயம்?" என்று நம்மவர் கேட்பதுண்டு. நல்ல கேள்விதான். அதற்கு விடை வேண்டுமானால் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

சூதின் கேடு நமக்குப் புதிய பாடம் அன்று. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்ற கதையைத் தெருக்கூத்தில் விடிய விடியப் பார்த்தவர்கள் நாம். அந்தக் கதையில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஆட்டம் நடந்த மண்டபம் தருமனுடையது அன்று, கௌரவர் கட்டியது. காயை உருட்டியவனும் அவர்கள் ஆள். நம் நாட்டுச் சூதாட்டச் சட்டத்தின் வரலாற்றைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வியையே கையில் வைத்துக்கொள்வோம்: மண்டபம் யாருடையது? ஆட்டத்தின் வருமானம் யாருக்குப் போனது?

முதலில் குத்தகைக் காலத்தைக் காண்போம்.

ஆங்கிலேயர் 1786-இல் பினாங்கிலும் 1819-இல் சிங்கப்பூரிலும் காலூன்றினார்கள். இரண்டும் வணிகத் துறைமுகங்கள். வருகிற கப்பலுக்கும் சரக்குக்கும் வரி போட்டால் வணிகர் வேறு துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே சுங்க வரி வாங்க அரசு விரும்பவில்லை. ஆனால் போலீசுக்கும் சாலைக்கும் பணம் வேண்டுமே! அதற்குக் கண்டுபிடித்த வழிதான் வரிக் குத்தகை.

அபின் விற்கும் உரிமை, சாராயம் விற்கும் உரிமை, சூதாட்ட விடுதி நடத்தும் உரிமை ஆகியவை ஏலத்தில் விடப்பட்டன. அதிகத் தொகை கேட்டவருக்கு அந்த உரிமை போகும். அவர் அரசுக்கு ஒப்புக்கொண்ட தொகையைக் கட்டிவிட வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அவருக்கு. வேறு எவரும் அந்தத் தொழிலை நடத்தக் கூடாது. அரசுக்கு வேலை மிச்சம், பணம் நிச்சயம். குத்தகைதாரருக்கோ, எத்தனை பேர் ஆடுகிறார்களோ அத்தனை லாபம்.

சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டு ஃபர்குவார் 1820-இல் இப்படிச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்தார். நகரை நடத்த அவருக்குப் போதிய வருவாய் இல்லை. ராஃபிள்ஸ் இதை விரும்பவில்லை. சூதாட்ட விடுதிகளையும் சேவல் சண்டைக் களங்களையும் 1823-இல் அவர் தடை செய்தார். ஆனால் ராஃபிள்ஸ் ஊரை விட்டுப் போனபின், அடுத்து வந்த கிராஃபர்டு சூதாட்டக் குத்தகையை மீண்டும் கொண்டுவந்தார். அரசின் பெட்டிக்கு அது நல்ல வருமானமாக இருந்தது. கண்டனங்கள் எழுந்து, 1829-இல்தான் அங்கே அந்தக் குத்தகை எடுபட்டது.

பத்தே ஆண்டுகளில் அனுமதி, தடை, மறுபடி அனுமதி, மறுபடி தடை. அறம் ஒரு பக்கம் இழுத்தது. வருமானம் மறு பக்கம் இழுத்தது. இந்த இழுபறி பின்னாலும் ஓயவில்லை என்பதை மேலே காண்போம்.

சிங்கப்பூரில் குத்தகை எடுபட்டாலும் சூதாட்டம் போய்விடவில்லை. கதவுக்குப் பின்னால் போயிற்று. மறைவில் நடந்த ஆட்டத்துக்குக் கையூட்டும் இரகசியச் சங்கங்களும் காவலாக இருந்தன. 1886-இல் பொதுச் சூதாட்டத்தைப் பற்றி ஆராய ஓர் ஆய்வுக் குழுவே அமைக்கப்பட்டது. சீனர்களின் பாதுகாவலராக 1877-இல் நியமிக்கப்பட்ட பிக்கரிங் என்னும் அதிகாரி சூதாட்ட விடுதிகளை ஒடுக்க முயன்றார். 1887-இல் அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே ஒரு தச்சர் கோடரியால் அவரைத் தாக்கினார். பிக்கரிங் உயிர் பிழைத்தார். சூதாட்டத்தை ஒடுக்கியதே தாக்குதலுக்குக் காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். தடை போடுவது எளிது, காப்பது அரிது என்பதற்கு இது ஒரு சான்று.

இனி மலாய் மாநிலங்களுக்கு வருவோம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் ஈயம் அள்ளியெடுத்த காலம் அது. நம்மவர் ஈய லம்பம் என்று சொல்லும் அந்தச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். முதலாளி முன்பணம் கொடுத்து ஆளைக் கொண்டுவருவார். அரிசியும் எண்ணெயும் அபினும் முதலாளியின் கடையில் கடனுக்குக் கிடைக்கும். விலை மட்டும் அதிகம். கணக்குத் தீர்க்கும் நாளில் கடன் போக மிஞ்சியது தொழிலாளி கைக்கு வரும். வந்த பணம் எங்கே போகும்? பக்கத்திலேயே சூதாட்டக் கொட்டகை இருந்தது. பல இடங்களில் அந்தக் கொட்டகையின் குத்தகையும் சுரங்க முதலாளியிடமோ அவருடைய கூட்டாளியிடமோதான் இருந்தது. வலக்கை கொடுத்த கூலியை இடக்கை திரும்ப வாங்கிக்கொண்டது.

கோலாலம்பூரைக் கட்டியெழுப்பியவர் என்று போற்றப்படும் காப்பித்தான் யாப் ஆ லோய் 1885-இல் மறைந்தார். சுரங்கங்களோடு நகரின் சந்தையும் சூதாட்டக் கொட்டகையும் அவர் கையில் இருந்தன. இன்று மேடான் பாசார் என்று வழங்கும் சதுக்கம்தான் அந்த இடம். அங்கே போகிறவர்கள் ஒரு கணம் இதை நினைத்துப் பார்க்கலாம். அவருக்குப் பின் வந்த பெருஞ்செல்வர் லோக் இயூவும் இத்தகைய வரிக் குத்தகைகளை எடுத்து நடத்தியவரே.

1874-இல் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேய ரெசிடெண்டுகள் வந்தார்கள். அவர்களும் குத்தகை முறையை விட்டுவிடவில்லை. சாலைக்கும் இரயில் பாதைக்கும் பணம் தேவைப்பட்டது. ஈயத்தின் மீதான வரியோடு அபின், சாராயம், சூது ஆகியவற்றின் குத்தகைப் பணமும் அரசுக்குச் சேர்ந்தது. ஆக, இந்த நாட்டின் பழைய சாலைகள் சிலவற்றில், கூலியைத் தோற்றுவிட்டு ஊருக்குத் திரும்பமுடியாமற் போன ஏழைத் தொழிலாளியின் காசும் கலந்திருக்கிறது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896-இல் ஐக்கிய மலாய் மாநிலங்கள் ஆயின. அங்கே சூதாட்டக் குத்தகை 1912-ஆம் ஆண்டோடுதான் முடிவுக்கு வந்தது.

அந்த ஆண்டுகளில்தான் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். சூதாட்டக் குத்தகையின் கடைசிக் காலத்தைத்தான் அவர்கள் கண்டார்கள். ஆனால் அதே முறை வேறு உருவில் நம் லயத்துக்கு வந்தது. அதுதான் கள்ளுக்கடை. தோட்டத்திலேயே கடை, சம்பளம் அங்கேயே கரையும், கிடைத்த லாபத்தில் தொழிலாளர் நலனுக்கென்று ஒரு பகுதி செலவிடப்படும். தொழிலாளியின் பலவீனத்தில் பணம் எடுத்து, அதில் ஒரு பங்கைத் தொழிலாளிக்கே நன்மையாகத் திருப்பித் தருவது என்னும் அந்த வழக்கத்தை நாம் மறக்க வேண்டாம். லாட்டரிக் காலத்தில் அதை மறுபடியும் சந்திப்போம்.

அடுத்தது சட்டக் காலம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அவசரகாலம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், மலாயாவில் மூன்று முக்கியச் சட்டங்கள் வந்தன. 1952-இல் லாட்டரிச் சட்டம். 1953-இல் பந்தயச் சட்டம். அதே 1953-இல் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம். பின்னர் திருத்தங்கள் பல வந்தாலும், அடித்தளம் இன்றும் இவைதாம். நாடு விடுதலை பெற்றபோது கூட்டரசு அரசியல் சட்டத்தில் பந்தயமும் லாட்டரியும் கூட்டரசின் அதிகாரத்தில் வைக்கப்பட்டன. நிதியமைச்சே உரிமம் வழங்குகிறது.

இந்தச் சட்டங்களின் உட்கருத்து என்ன? எளிதாகச் சொன்னால் இதுதான்: சூதாட்டம் பொதுவாகத் தடை, அரசு உரிமம் கொடுத்த இடத்தில் மட்டும் அனுமதி. பழைய குத்தகைக் காலத்தில் அரசு கதவைத் திறந்து ஒருவர் கையில் சாவியைக் கொடுத்தது. 1953-க்குப் பின் அரசு கதவைப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது. வேண்டியபோது, வேண்டியவருக்கு, நிபந்தனையோடும் வரியோடும் ஒரு சிறு வாசலைத் திறந்துவிடுகிறது.

அந்த வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்ததையும் காண்போம். 1950-களில் சமூகநலச் சேவைக்கு நிதி திரட்ட லாட்டரி நடத்தப்பட்டது. "விழுந்தால் நமக்கு, விழாவிட்டால் ஏழைக்கு" என்று சொல்லிச் சீட்டு வாங்கியவர்கள் நம்மில் பலர். கள்ளுக்கடைக் கணக்கை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் அந்த லாட்டரி நிறுத்தப்பட்டது. 1961-இல் குதிரைப் பந்தயத்துக்கென்று டோட்டலைசேட்டர் வாரியச் சட்டம் வந்தது. 1967-இல் நம்பர் ஆட்டத்துக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. 1969-இல் மேக்னம் நிறுவனம் நாலு நம்பர் ஆட்டத்துக்கு உரிமம் பெற்றது. அதே 1969-இல் அரசே ஸ்போர்ட்ஸ் டோட்டோவைத் தொடங்கியது. 1985-இல் அது தனியார் கைக்கு மாறியது.

1969-ஆம் ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. லிம் கோ தோங் என்னும் தொழிலதிபர் கெந்திங் மலை உச்சியில் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு மார்ச்சு மாதம் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அடிக்கல் நாட்ட வந்தார். அரசு உதவியின்றி மலையில் சாலை போட்டு இவ்வளவு பெரிய வேலையைச் செய்பவருக்குத் துணைபுரிய, சூதாட்ட விடுதிக்கான உரிமம் அவ்வாண்டிலேயே கிடைத்தது. 1971-இல் அந்த விடுதி திறக்கப்பட்டது. மலேசியாவில் சட்டப்படி நடக்கும் சூதாட்ட விடுதி அது ஒன்றே. முஸ்லிம்களும் 21 வயது நிரம்பாதவர்களும் அங்கே நுழைய முடியாது.

இவ்விடத்தில் சட்டத்தின் மற்றொரு கிளையையும் சொல்ல வேண்டும். இஸ்லாத்தில் சூதாட்டம் விலக்கப்பட்டது. ஆகவே முஸ்லிம்களுக்கு ஷரியாச் சட்டத்தின்படி அது தனிக் குற்றம். கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1997-ஆம் ஆண்டு ஷரியாக் குற்றவியல் சட்டத்தில் 3,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. மாநிலங்களுக்கும் ஓர் அதிகாரம் இருக்கிறது. சூதாட்ட உரிமம் கொடுப்பது கூட்டரசு என்றாலும், கடை வைக்கும் வணிக உரிமம் ஊராட்சி மன்றத்தைச் சார்ந்தது. ஊராட்சி மாநிலத்தின் கையில் உள்ளது. 1990-இல் கிளாந்தானில் ஆட்சி மாறியபின் அங்கே நம்பர் கடைகளுக்கு இடமில்லாமற் போனது. கெடாவிலும் 2023-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அக்கடைகளுக்கு வணிக உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. ஒரே நாட்டில் ஒரு மாநிலத்தில் திறந்திருக்கும் வாசல் மறு மாநிலத்தில் மூடியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

இப்போது நம்மவர் கேட்ட கேள்விக்கு வருவோம். லயத்துச் சீட்டாட்டம் ஏன் குற்றமாகிறது?

பொதுமக்களோ அவர்களில் ஒரு சாராரோ வந்து போகக்கூடிய இடத்தில் பணம் வைத்து ஆடினால், அந்த இடம் சட்டத்தின் கண்ணில் பொதுச் சூதாட்ட விடுதி ஆகிறது. அது மாளிகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. கோழிக்கொட்டாயாக இருந்தாலும் சரி, எண்ணெய்ப் பனைக்கு நடுவில் விரித்த சாக்காக இருந்தாலும் சரி. அங்கே ஆடியவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். நடத்தியவருக்குத் தண்டனை இன்னும் கடுமை. போலீசார் சோதனையிட்டு ஆட்டப் பொருள்களைக் கண்டெடுத்தால், "இது சூதாட்ட விடுதி அன்று" என்று மெய்ப்பிக்கும் பாரம் வீட்டுக்காரர் மீது விழக்கூடும். ஆகவே "நான் ஆடவில்லை, இடம் மட்டும் கொடுத்தேன்" என்று சொல்லித் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். இடம் கொடுத்தவரைச் சட்டம் ஆடியவரைவிடக் கடுமையாகப் பார்க்கிறது. உரிமம் இல்லாத ஆளிடம் நம்பர் கொடுப்பதும், கால்பந்துக்குக் கள்ளத்தனமாகப் பந்தயம் கட்டுவதும் இப்படியே சட்டத்துக்குப் புறம்பானவை.

இந்தத் தண்டனைகளை ஊரில் எல்லாரும் அறிவார்கள். ஆனால் சட்டம் நமக்குத் தந்துள்ள ஒரு பாதுகாப்பை அறிந்தவர் குறைவு. அதையும் சொல்லிவிடுவோம்.

சூதில் தோற்ற கடனை நீதிமன்றம் போய் வசூலிக்க முடியாது. 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லி எவரும் வழக்குத் தொடுக்க முடியாது. பெரிய குதிரைப் பந்தயப் பரிசு போன்றவற்றுக்கு மட்டும் சிறு விலக்கு உண்டு. இந்தப் பிரிவு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவைப் பின்பற்றி வந்தது. நம் முன்னோர் புறப்பட்டு வந்த நாட்டின் சட்டமே கடல் கடந்து இங்கும் துணை நிற்கிறது என்று சொல்லலாம். "சீட்டில் நூறு வெள்ளி தோற்றாய், சங்கிலியைக் கழற்றிக் கொடு" என்று ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இதை வீட்டிலுள்ள பெண்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

வட்டிக்காரர் சங்கதி வேறு. சூதில் விட்டதைப் பிடிக்க வட்டிக்கு வாங்குவதுதான் குடும்பத்தை முழுதும் மூழ்கடிக்கும் படி. 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டத்தின்படி, உரிமம் பெற்றவரே வட்டிக்குக் கொடுக்கலாம். ஈடு வாங்கினால் ஆண்டுக்கு 12 விழுக்காடும், ஈடில்லாவிட்டால் 18 விழுக்காடும்தான் வட்டியின் உச்ச வரம்பு. உரிமமில்லாமல் கடன் கொடுப்பது குற்றம். அந்தக் கடன் ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிறைவேற்றவும் முடியாது. ஆலோங் என்று சொல்லப்படுபவர்கள் சட்டத்தை நாடாமல் சிவப்புச் சாயத்தையும் மிரட்டலையும் நாடுவது இதனால்தான். மிரட்டல் வந்தால் ஒளித்து வைக்காமல் போலீசில் புகார் செய்ய வேண்டும். தோற்றவர் வெட்கப்பட்டு மௌனமாக இருப்பதே மிரட்டுபவருக்குப் பலம்.

சரி, உரிமம் பெற்ற கடையில் எடுத்தால் ஆபத்தில்லையே என்று சிலர் கேட்கலாம். குற்றமில்லை என்பது உண்மை. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நாலு நம்பர் ஆட்டத்தில் 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். பெரிய ஆட்டம் என்னும் வகையில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்துப் பேருக்கு 180 வீதம். ஆறுதல் பரிசு பத்துப் பேருக்கு 60 வீதம். கூட்டினால் 6,400 வெள்ளி. அதாவது பத்தாயிரம் எண்களையும் ஒருவரே ஒவ்வொரு வெள்ளி வைத்து வாங்கினாலும், 10,000 கொடுத்து 6,400 திரும்பப் பெறுவார். மீதி 3,600 வெள்ளி மண்டபத்துக்கும் வரிக்கும்.

ஒருவர் வழக்கமான புதன், சனி, ஞாயிறு குலுக்கல்களில் ஒரே எண்ணுக்கு ஐந்து வெள்ளி வைக்கிறார் என்று கொள்வோம். வாரத்துக்கு 15 வெள்ளி. ஆண்டுக்கு 780 வெள்ளி. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால், அந்த 780 வெள்ளி பன்னிரண்டு நாள் உழைப்பு. ஆண்டில் அவர் கலந்துகொண்ட குலுக்கல் 156. பத்தாயிரம் எண்ணில் ஓர் எண்ணுக்கு முதல் பரிசு. எனவே சராசரியாக 64 ஆண்டுக்கு ஒரு முறைதான் அவருக்கு முதல் பரிசு விழக் கூடும். இருபது வயதில் தொடங்கினால் எண்பத்து நான்கு வயது வரை காத்திருக்க வேண்டும்! அதிலும் உறுதியில்லை. இப்படி ஆடுகிற பத்துப் பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஆண்டு முழுவதும் ஆறுதல் பரிசுகூட வராது.

கனவில் பாம்பு வந்தது, விபத்தான காரின் எண் இது, கோயில் மரத்தில் இந்த எண் தெரிந்தது என்று தேடுவார்கள். குலுக்கும் இயந்திரத்துக்கு நம் கனவு தெரியாது. போன வாரம் வராத எண் இந்த வாரம் வந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒவ்வொரு குலுக்கலும் புதிதாகவே நடக்கிறது. ஒருவருக்கு விழுந்த செய்தி பத்து வீட்டுக்குத் தெரியும். நூறு பேர் தோற்ற செய்தி அவரவர் வீட்டு அடுப்புக்கு மட்டும் தெரியும்.

நேயர்களே, மண்டபம் யாருடையது என்று கேட்டோம். குத்தகைக் காலத்தில் குத்தகைதாரருடையது, அரசுக்குப் பங்கு. உரிமக் காலத்தில் நிறுவனத்துடையது, அரசுக்கு வரி. கள்ள ஆட்டத்தில் கும்பலுடையது. எந்தக் காலத்திலும் கூலிக்காரனுடையதாக அது இருந்ததில்லை. சட்டம் மண்டபத்தின் வாசலைக் காக்கிறது. யார் நடத்தலாம், யார் நுழையலாம் என்று சொல்கிறது. உள்ளே போகும் பணப்பையைக் காப்பது அதன் வேலையாக இருந்ததில்லை.

சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு சூதாட்ட விடுதிகள் திறந்தபோது சட்டம் ஓர் அடி முன்னே வைத்தது. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே நாளொன்றுக்கு 100 டாலர் கட்ட வேண்டும் என்றது. 2019-இல் அது 150 டாலர் ஆனது. சூதால் பாதிக்கப்படும் குடும்பத்தினர், தம் வீட்டு உறுப்பினரை உள்ளே விடக்கூடாது என்று விண்ணப்பித்துத் தடை பெறவும் வழி செய்தது. மனைவியின் குரலுக்கும் பிள்ளையின் பசிக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது நல்ல செய்தி. ஆனால் அங்கும் முதலில் எழுந்து மனுக் கொடுக்க வேண்டியது குடும்பம்தான்.

நம் மக்களுக்கு அந்தத் துணிவு புதிதன்று. போர் முடிந்த 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை என்னும் இயக்கம் எழுந்தது. தோட்டத்துத் தமிழ் இளைஞர்கள் கள்ளுக்கடைக்கு எதிராக மறியல் செய்தார்கள். கள்ளுக்கடை அன்று சட்டப்படியே நடந்தது. "சட்டம் அனுமதிக்கிறது, நம் குடும்பம் அனுமதிக்கவில்லை" என்பதே அவர்கள் செயல் சொன்ன சொல். 1947-இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் போலீசாரோடு மோதல் ஏற்படும் அளவுக்கு அது வளர்ந்தது. படிப்பும் பதவியும் இல்லாத பால்மரத் தொழிலாளர்கள், தம் சம்பளம் தம் வீட்டுக்கு வர வேண்டும் என்று முதலில் தாமே எழுந்தார்கள்.

இன்று நாம் மறியல் செய்ய வேண்டியதில்லை. செய்ய வேண்டியது சிறிய செயல். சம்பளம் வந்த அன்றே, வீட்டில் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து கணக்கு எழுதுவோம். வாரம் பதினைந்து வெள்ளியை நம்பர் கடைக்குக் கொடுக்காமல் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட்டால், பத்து ஆண்டில் வட்டியைச் சேர்க்காமலே 7,800 வெள்ளி இருக்கும். அதற்குக் குலுக்கல் தேவையில்லை. யாராவது ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால், ஏசித் துரத்தாமல், கடன் எவ்வளவு, யாரிடம் என்று பொறுமையாகக் கேட்டு ஒரு தாளில் எழுத வைப்போம். மறைத்து வைத்த கடன்தான் வளரும்.

கூத்தில் தருமன் தோற்ற இரவில், சபையில் நின்று கேள்வி கேட்டவள் திரௌபதி. மூத்தவர்கள் பலர் தலை குனிந்திருந்தார்கள். நம் வீடுகளில் அந்தக் கேள்வி ஆட்டம் முடிந்தபின் எழ வேண்டாம். சம்பளம் கைக்கு வரும்போதே எழட்டும்.